தீர்ப்புப் பிடிக்காவிட்டால் தேர்தலையே மாற்றுவதா?
அமெரிக்க ஜட்ஜு தேர்தல் புரட்டு

சந்தையில் நெல் வியாபாரி ஒருவன் வாங்கும்போது ஒரு மரக்காலும் விற்கும்போது வேறொரு மரக்காலும் வைத்து அளப்பானேயானால் அவனை நாம் என்னவென்று சொல்லுவோம்? திருடன் என்றுதான் சொல்லுவோம். "இது எங்கள் பாட்டன் காலத்து மரக்கால், இதுதான் நியாயமான அளவு" என்று அவன் எவ்வளவு சத்தம் போட்டாலும், "அப்படியானால் காலையில் நீ வாங்கினபோது இந்த மரக்கால் எங்கே போயிருந்தது?" என்று கேட்கக் குடியானவனுக்குத் தெரியும். இதைக் கேட்பதற்கு அவன் பி.ஏ., பி.எல். படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் புத்தியும் கொஞ்சம் மானமும் இருந்தால் போதும்.

இந்த மரக்கால் கேள்வியைத்தான் நாம் இன்று ஐக்கிய அமெரிக்க நாட்டில் நடந்து வருகிற ஒரு காரியத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதாவது, அந்நாட்டு மாகாணங்களில் அபீல் கோர்ட்டு ஜட்ஜுகளை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை, சட்டசபையில் மெஜாரிட்டியாய் இருக்கிற கட்சியார் தங்களுக்கு வேண்டியபோது வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் காரியமாகும்.

நமது வாசகர்களில் பலருக்கு ஜட்ஜுக்கு எலெக்ஷன் என்பதே புதுமையாய் இருக்கலாம். நம் நாட்டில் ஐக்கோர்ட்டு ஜட்ஜுகள் நியமனத்தினால் வருகிறவர்களே தவிர, ஓட்டினால் வருகிறவர்கள் அல்ல. அமெரிக்காவில் 50 மாகாணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரசியல் சட்டமும், தனித்தனிச் சட்டசபையும், தனித்தனி சுப்ரீம் கோர்ட்டும் உண்டு. அவற்றில் 38 மாகாணங்களில் மேல் கோர்ட்டு ஜட்ஜுகள் ஏதாவதொரு விதத்தில் ஜனங்களின் ஓட்டுக்கு வந்தாக வேண்டும். சில இடங்களில் கட்சிப் பேரோடு நிற்கிறார்கள். சில இடங்களில் கட்சிப் பேர் இல்லாமல் நிற்கிறார்கள். சில இடங்களில் மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி. சில இடங்களில் மாகாணத்தைக் கூறு போட்டுக் கூறுக்கு இத்தனை ஜட்ஜு என்று வைத்திருக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் முதலில் கவர்னர் நியமித்துவிடுவதும், பிறகு "இவர் இருக்கலாமா, வேண்டாமா" என்று மாத்திரம் ஜனங்களைக் கேட்பதும் வழக்கமாய் இருந்து வருகிறது.

இவற்றில் எந்த முறை சிறந்தது என்று நிச்சயிப்பது நமது இன்றைய வேலை அல்ல. ஜட்ஜு என்பவரும் மனிதனே. அவர் போட்டுக்கொள்ளும் கறுப்பு அங்கி அவரைத் தேவனாக்கி விடாது. நியமித்தால் நியமித்தவன் முகத்தைப் பார்ப்பார், தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்தவன் முகத்தைப் பார்ப்பார் என்கின்ற பயம் இரண்டு முறையிலும் இருக்கத்தான் செய்யும். ஆகையால் முறையைப் பற்றி நமக்குப் பக்தியும் இல்லை, துவேஷமும் இல்லை. நாம் கேட்பதெல்லாம், ஒரு முறையை மாற்றுகிறவன் யார், எப்போது மாற்றுகிறான், மாற்றுவதால் யாருக்கு அனுகூலம் என்பதேயாகும்.

பென்சில்வேனியாவின் கதை

முதலில் பென்சில்வேனியா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுவோம். அங்கு சுப்ரீம் கோர்ட்டில் 7 ஜட்ஜுகள். அதற்குக் கீழே இரண்டு அபீல் கோர்ட்டுகள், ஒன்றில் 15 பேர், மற்றொன்றில் 9 பேர். இவர்கள் எல்லோரும் மாகாணம் முழுவதும் ஒரே தொகுதியாக வைத்துக் கட்சிப் பேரோடு தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். பதவிக்காலம் 10 வருஷம். 10 வருஷம் முடிந்ததும் "இவர் நீடிக்கலாமா" என்று ஒரு ஓட்டு. இதுதான் அவர்களுடைய 1968ஆம் வருஷத்து அரசியல் சட்ட ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின்படியே 2015க்கு முன்பு ரிபப்ளிக்கன் கட்சியைச் சேர்ந்தவர்கள் சுப்ரீம் கோர்ட்டில் மெஜாரிட்டியாக இருந்தார்கள். அப்போது மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி என்பது யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. 2015இல் ஒரே தேர்தலில் மூன்று இடங்கள் காலியாயின. மூன்றையும் டெமாக்ரட் கட்சியார் ஜெயித்தார்கள். பிறகு 2018 ஜனவரியில் அந்தக் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. என்ன தீர்ப்பு என்றால், அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு மெம்பர்களை அனுப்புவதற்காகச் சட்டசபையார் 2011இல் போட்ட தொகுதி எல்லைகள் ஒரு கட்சிக்கு அனுகூலமாக வளைத்து வளைத்துப் போடப்பட்டவை, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம், செல்லாது என்பதாகும். வளைத்த லட்சணம் எப்படிப்பட்டது என்றால், 2012 தேர்தலில் மாகாணம் முழுவதும் சேர்த்து அதிக ஓட்டு வாங்கினது டெமாக்ரட் கட்சி. 18 இடங்களில் 13 இடங்களை அடைந்தது ரிபப்ளிக்கன் கட்சி. கோர்ட்டார் புது எல்லை போட்ட பிறகு 2018 தேர்தலில் இரு கட்சிக்கும் 9க்கு 9 ஆயிற்று.

இந்தத் தீர்ப்புக்குப் பின்பு சட்டசபையில் இருந்த சில கனவான்கள் செய்தது என்ன? முதலில், தீர்ப்புச் சொன்ன ஜட்ஜுகளில் நால்வரின் மேல் குற்றஞ்சாட்டிப் பதவியிலிருந்து தள்ள வேண்டும் என்று 2018 மார்ச்சில் தீர்மானம் கொண்டு வந்தார்கள். ஒரு தீர்ப்புப் பிடிக்கவில்லை என்பதற்காக ஜட்ஜைத் தள்ளுவது கூடாது என்று அக்கோர்ட்டின் பிரதம ஜட்ஜே கண்டித்தார். அவர் தீர்மானம் கொண்டுவந்தவர்களுடைய ரிபப்ளிக்கன் கட்சியைச் சேர்ந்தவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த யோசனை ஈடேறவில்லை. ஆளைத் தள்ள முடியவில்லையென்றால், ஆள் வருகிற வழியை மாற்றிவிடுவோம் என்று அடுத்தபடியாகப் புறப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு 7 தொகுதி, ஓர் அபீல் கோர்ட்டுக்கு 15 தொகுதி, மற்றதற்கு 9 தொகுதி என்று மாகாணத்தைக் கூறு போட்டு, கூறுக்கு ஒரு ஜட்ஜு வீதம் தேர்ந்தெடுப்பது என்று அரசியல் சட்டத்தைத் திருத்த மசோதா வந்தது. 2020இல் அது சட்டசபையின் இரண்டு சபைகளிலும் ஒரு தடவை நிறைவேறிற்று.

சரி, இந்தத் தொகுதிகளின் எல்லையைப் போடுகிறவர்கள் யார் என்று கேட்டால், அதே சட்டசபையார்தான்! அதாவது, எல்லை போட்டதில் மோசம் செய்தாய் என்று எந்தக் கோர்ட்டு சொல்லிற்றோ, அந்தக் கோர்ட்டுக்கே எல்லை போடும் கோலை அந்த மோசம் செய்தவன் கையில் கொடுப்பதாம். திருட்டு வழக்கை விசாரிக்கிற கோர்ட்டுக்கு யார் யார் ஜட்ஜு என்று திருடனே தெரிந்தெடுத்து வைப்பது என்றால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கிறோம்.

நல்ல வேளையாக அம்மாகாணத்து ஏற்பாட்டின்படி, அரசியல் சட்டத் திருத்தம் அடுத்தடுத்து வரும் இரண்டு சட்டசபைகளில் நிறைவேறி, பிறகு ஜனங்களின் ஓட்டையும் பெற்றாக வேண்டும். 2021இல் மறுபடியும் மசோதா கிளம்பிக் கமிட்டியைத் தாண்டிற்று; ஆனால் முடிவுக்கு வரவில்லை. 2025 நவம்பரில், 2015இல் வந்த அதே மூன்று ஜட்ஜுகளும் "நீடிக்கலாமா" என்கின்ற ஓட்டுக்கு வந்தபோது, மாகாண ஜனங்கள் மூவரையும் நல்ல வித்தியாசத்தில் நீடிக்க வைத்தார்கள்.

வட கரோலினாவின் கூத்து

பென்சில்வேனியாவில் மரக்காலை மாற்ற முயன்றார்கள். வட கரோலினாவில் மாற்றியே விட்டார்கள். அதுவும் ஒரு தடவை அல்ல, பல தடவை.

அங்கு 2004 முதல் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு தேர்தலில் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பேர் கிடையாது. 2016இல் ஒரே ஒரு இடத்துக்குத் தேர்தல் வர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இருந்தவர் ரிபப்ளிக்கன் கட்சிக்காரர். அவர் தோற்றால் கோர்ட்டில் அக்கட்சியின் மெஜாரிட்டி போய்விடும். ஆகவே 2015இல் சட்டசபையார் ஒரு சட்டம் செய்தார்கள்: இருக்கிற ஜட்ஜுக்கு எதிர் வேட்பாளர் வேண்டாம், "இருக்கலாமா, வேண்டாமா" என்று மட்டும் கேட்டால் போதும் என்று. அந்தச் சட்டம் செல்லாது என்று கோர்ட்டில் ஆயிற்று. வழக்கப்படி போட்டி நடந்தது. மைக்கேல் மார்கன் என்கின்ற கறுப்பர் 2016 நவம்பரில் ஜெயித்தார். மெஜாரிட்டி கைமாறிற்று.

உடனே அதே வருஷம் டிசம்பரில் அவசர அவசரமாக விசேஷக் கூட்டம் போட்டு, இனிமேல் சுப்ரீம் கோர்ட்டுத் தேர்தல் கட்சிப் பேரோடுதான் நடக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர், அந்த நவம்பரில்தான் ஜனங்களால் தோற்கடிக்கப்பட்டு வெளியே போகவிருந்த கவர்னர். கட்சிப் பேர் இல்லாமல் தேர்தல் நடத்துவது தப்பு என்கின்ற ஞானம் இந்தக் கனவான்களுக்கு நவம்பர் மாதத்தில் தோற்ற பிறகு டிசம்பர் மாதத்தில் உதயமாயிற்றென்றால், அது ஞானமா, வயிற்றெரிச்சலா?

அதோடும் நிற்கவில்லை. 2017இல் அபீல் கோர்ட்டு ஜட்ஜுகளின் எண்ணிக்கையை 15லிருந்து 12ஆகக் குறைத்தார்கள். வேலை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், ரிபப்ளிக்கன் ஜட்ஜுகள் மூவர் வயது நிறைந்து ஓய்வு பெறவிருந்தார்கள். அந்த இடங்களுக்குப் புதிய டெமாக்ரட் கவர்னர் ஆள் நியமித்துவிடுவாரே என்பதற்காக, இடத்தையே இல்லாமல் செய்தார்கள். கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதை மீறியும் நிறைவேற்றினார்கள்.

ஆனால் அங்கேயும் மானமுள்ள ஒரு மனிதர் இருந்தார். அவர் பேர் டக்ளஸ் மக்கல்லோ. ஓய்வு பெறவிருந்த மூவரில் ஒருவர், ரிபப்ளிக்கன் கட்சிக்காரரேதான். சட்டம் அமுலுக்கு வருவதற்கு முன்பே, தமது பதவிக்காலம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போதே ராஜினாமாச் செய்து, எதிர்க்கட்சிக் கவர்னர் அந்த இடத்துக்கு ஆள் நியமிக்கும்படி வழி விட்டார். தமது கட்சிக்கு ஓர் இடம் நஷ்டம் என்று தெரிந்தே செய்தார். கட்சி பெரிதா, கோர்ட்டு பெரிதா என்கின்ற கேள்விக்கு ஒரு மனிதர் சும்மா வாயால் பதில் சொல்லாமல் காரியத்தால் பதில் சொன்னார். 2019இல் சட்டசபையாரே வெட்கமில்லாமல் எண்ணிக்கையை மறுபடி 15 ஆக்கிவிட்டார்கள். வேலை குறைந்தது என்று சொன்னது உண்மையானால் இரண்டு வருஷத்தில் அந்த வேலை எங்கிருந்து வந்தது?

இன்னும் ஒரு வேடிக்கை. 2018 தேர்தலுக்கு, கட்சிக்குள் வேட்பாளரைப் பொறுக்கும் பூர்வாங்கத் தேர்தல் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். எதிர்க்கட்சியில் பலபேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ளட்டும் என்பதுதான் இதன் உட்கருத்து என்று பலரும் சொன்னார்கள். நடந்தது என்னவென்றால் ரிபப்ளிக்கன் பேரிலேயே இரண்டு பேர் நின்றார்கள். ஓட்டு இரண்டாய்ப் பிரிந்தது. டெமாக்ரட் கட்சியைச் சேர்ந்த அனிதா எர்ல்ஸ் ஜெயித்தார். கண்ணியை வைத்தவன் காலே கண்ணியில் மாட்டிக்கொண்டது.

ஆனால் கண்ணி எப்போதும் வைத்தவன் காலையே பிடிக்கும் என்று நாம் நிம்மதியாய் இருந்துவிட முடியாது. 2020இல் 401 ஓட்டு வித்தியாசத்தில் பிரதம ஜட்ஜு பதவி கைமாறிற்று. 2022இல் மெஜாரிட்டியும் கைமாறி 7 பேரில் 5 பேர் ரிபப்ளிக்கன் ஆனார்கள். தொகுதி எல்லைகளை மோசடியாய் வளைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022இல் சொன்ன அதே கோர்ட்டு, 2023 ஏப்ரலில், "அதைப் பற்றிப் பேசக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை" என்று மாற்றிச் சொல்லிற்று. இடையில் சட்டப் புஸ்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான். பிறகு 2024 தேர்தலில் அலிசன் ரிக்ஸ் என்கின்ற டெமாக்ரட் ஜட்ஜு 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுகளில் 734 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் ஓர் அபீல் கோர்ட்டு ஜட்ஜு. அவர் சுமார் 65,000 பேருடைய ஓட்டுகளைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று வழக்காடினார். அந்த ஓட்டர்கள் அப்போதிருந்த விதிப்படி நடந்தவர்கள். தேர்தல் முடிந்த பிறகு விதியை மாற்றி ஓட்டைப் பறிப்பது கூடாது என்று 2025 மே மாதத்தில் பெடரல் கோர்ட்டில் தீர்ப்பான பிறகுதான் அந்த வழக்கு ஓய்ந்தது. தேர்தலுக்கு முன்பு மரக்காலை மாற்றிப் பழகினவர்கள் அளந்து முடித்த பிறகும் மாற்றப் பார்த்தார்கள் என்பதே இதன் பொருள்.

இது ஒரு கட்சியின் நோய் மாத்திரமா?

இதுவரை நாம் சொன்னதைக் கேட்டு, இவர்கள் ரிபப்ளிக்கன் கட்சியைத் திட்டுவதற்காகவே எழுதுகிறார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இல்லினாய் மாகாணத்தில் சட்டசபை டெமாக்ரட் கட்சியார் கையில் இருந்தது. அங்கு 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் இருந்த டெமாக்ரட் ஜட்ஜு ஒருவர் நீடிப்பதற்கு வேண்டிய 100க்கு 60 ஓட்டுக் கிடைக்காமல் தோற்றார். உடனே 2021இல் சட்டசபையார், 1964 முதல் தொடாமல் வைத்திருந்த சுப்ரீம் கோர்ட்டுத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றிப் போட்டார்கள். 2022 தேர்தலில் 7க்கு 5 என்று தங்கள் மெஜாரிட்டியைப் பலப்படுத்திக்கொண்டார்கள். தொகுதிகளின் ஜனத்தொகை ஏறுமாறாய் இருந்தது வாஸ்தவம். சரிசெய்ய வேண்டியதும் வாஸ்தவம். ஆனால் 57 வருஷமாய்க் கண்ணில் படாத ஏறுமாறு, தங்கள் ஆள் தோற்ற ஏழெட்டு மாதத்தில் கண்ணில் பட்டதென்றால், அந்தக் கண்ணுக்கு வைத்தியம் செய்தது நியாய புத்தியா, பயமா?

ஒஹையோ மாகாணத்தில், பொதுத் தேர்தல் சீட்டில் கட்சிப் பேர் இல்லாதபோது டெமாக்ரட் ஜட்ஜுகள் 2018இலும் 2020இலுமாக மூன்று இடம் பிடித்தார்கள். 2021இல் சட்டசபையில் மெஜாரிட்டியாய் இருந்த ரிபப்ளிக்கன் கட்சியார் சீட்டில் கட்சிப் பேர் போடச் சட்டம் செய்தார்கள். 2022இலும் 2024இலும் நடந்த எல்லா இடங்களையும் அவர்களே அடைந்தார்கள். ஆகவே ஓர் ஊரில் கட்சிப் பேர் வேண்டும் என்பார்கள், வேறோர் ஊரில் தொகுதி வேண்டும் என்பார்கள், மற்றோர் ஊரில் எல்லையை மாற்ற வேண்டும் என்பார்கள். சொல்லுகிற தத்துவம் வேறு வேறு; கிடைக்கிற லாபம் மாத்திரம் எப்போதும் சொல்லுகிறவனுக்கே!

"கிராமத்தானுக்கு ஜட்ஜு வேண்டாமா?"

இனி இவர்கள் சொல்லும் சமாதானத்தைப் பார்ப்போம். பென்சில்வேனியாவில் கூறு போட வேண்டும் என்றவர்கள் சொன்ன முக்கியமான காரணம், 67 ஜில்லாக்கள் இருக்கிற மாகாணத்தில், பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க் இருக்கிற ஜில்லாவுமாகிய இரண்டு ஜில்லாக்களிலிருந்தே மேல் கோர்ட்டு ஜட்ஜுகளில் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு ஜில்லாவின் ஜனத்தொகை மாகாணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். கிராமத்தார் கதி என்ன என்பதாகும்.

இது கேலி செய்து தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. பட்டணத்தான் எல்லா உத்தியோகத்தையும் கைப்பற்றிக்கொள்ளுகிறான், நாட்டுப்புறத்தானுக்கு ஒன்றும் இல்லை என்கின்ற குறையின் அர்த்தம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் இவர்கள் கொடுக்கிற மருந்து அந்த நோய்க்கு மருந்தா என்று பார்க்க வேண்டும். இன்று அம்மாகாணத்துக் குடியானவன் ஒருவன் 7 ஜட்ஜுகளைப் பற்றியும் ஓட்டுப் போடுகிறான். கூறு போட்டுவிட்டால் அவன் ஒரு ஜட்ஜைப் பற்றி மட்டுமே ஓட்டுப் போடுவான். மற்ற 6 பேர் விஷயத்தில் அவனுக்கு வாய் கிடையாது. ஆனால் அவனுடைய நிலத்தையும், கூலியையும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தையும் பற்றித் தீர்ப்புச் சொல்லுவது 7 பேரும் சேர்ந்துதான். ஏழு ஓட்டை வாங்கிக்கொண்டு ஒரு ஓட்டைக் கொடுப்பதற்குப் பேர் கிராமத்தானுக்கு உபகாரமா?

தவிரவும், சட்டசபை மெம்பர் தன் ஊருக்கு ரோடும் பாலமும் கேட்டு வாங்க வேண்டியவர். அவருக்குத் தொகுதி வேண்டியதுதான். ஜட்ஜு எந்த ஊருக்காக எதைக் கேட்க வேண்டியவர்? சட்டம் மாகாணம் முழுவதற்கும் ஒன்று. மேலும், கிராமத்தார் ஓட்டு இந்த முறையில் ஒருநாளும் பலிக்கவில்லை என்பதும் பொய். 2015க்கு முன்பு இதே முறையில் அவர்களில் பெரும்பாலோர் ஆதரிக்கும் கட்சிதான் கோர்ட்டில் மெஜாரிட்டியாய் இருந்தது. ஒரு தடவை தோற்பது வேறு; என்றைக்கும் ஜெயிக்க முடியாதபடி கதவடைத்து வைப்பது வேறு.

மாற்றமே கூடாதா?

அப்படியானால் ஜட்ஜு தேர்தல் முறையை மாற்றவே கூடாதா என்று கேட்கலாம். மாற்றக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. என்றைக்கும் ஜெயிக்க முடியாதபடி கதவடைக்கப்பட்டவன் வந்து கேட்டால், கட்டாயம் மாற்றியாக வேண்டும் என்பதுதான் நமது கட்சி.

மிசிசிப்பி மாகாணத்தைப் பாருங்கள். எல்லா ஜட்ஜுகளையும் ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதல் 1832இல் ஏற்பாடு செய்த மாகாணம் அதுதான். எவ்வளவு பெரிய ஜனநாயகம் என்று தோன்றும்! ஆனால் அன்று அங்கிருந்த கறுப்பு ஜனங்களோ மாடுகளைப்போல் விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வந்த அடிமைகள். ஜனங்கள் என்றால் வெள்ளைக்கார ஆண்பிள்ளைகள் என்று அர்த்தம். இன்றைக்கு அம்மாகாணத்தில் 100க்கு சுமார் 38 பேர் கறுப்பர்கள். சுப்ரீம் கோர்ட்டில் 9 ஜட்ஜுகள். மூன்று தொகுதி, தொகுதிக்கு மூவர். 1987இல் போட்ட அந்த எல்லைகளைப் பற்றி வழக்கு நடந்த 2025 வரையில், அந்தக் கோர்ட்டின் சரித்திரம் முழுவதிலும் வந்த கறுப்பு ஜட்ஜுகள் மொத்தம் நாலே பேர். ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் இருந்ததில்லை. நால்வரும் ஒரே தொகுதியிலிருந்து வந்தவர்கள். நால்வரும் முதலில் கவர்னர் நியமனத்தினால் நுழைந்தவர்களே தவிர, நேரே ஓட்டினால் நுழைந்தவர் ஒருவரும் இல்லை. இந்த எல்லைகள் ஓட்டுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஆகஸ்டில் பெடரல் ஜில்லாக் கோர்ட்டு சொல்லிற்று.

லூசியானாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கு மற்றத் தொகுதிகளிலெல்லாம் ஒரு ஜட்ஜு. நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற தொகுதியில் மட்டும் பக்கத்து வெள்ளைக்கார ஜில்லாக்களையும் சேர்த்து இரண்டு ஜட்ஜு. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர்கள் மெஜாரிட்டி. சேர்த்துக் கட்டின மூட்டையிலோ அவர்கள் மைனாரிட்டி. ஆகவே இரண்டு இடத்தில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1986இல் வழக்குப் போட்டார்கள். அதற்கு எதிர்க்கட்சியார் சொன்ன பதில் என்ன தெரியுமா? ஓட்டுரிமைச் சட்டத்தில் "பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது" என்று இருக்கிறது, ஜட்ஜு பிரதிநிதி அல்ல, ஆகவே அந்தச் சட்டம் ஜட்ஜு தேர்தலுக்குப் பொருந்தாது என்பதாகும். வீடு வீடாய்ப் போய் ஓட்டுக் கேட்கலாம், விளம்பரம் போடலாம், பணம் வசூலிக்கலாம், ஜெயித்தால் மாலை போட்டுக்கொள்ளலாம், கறுப்பன் பங்கு கேட்டவுடனே மாத்திரம், "நான் பிரதிநிதி அல்லவே!" என்று சொல்லிவிடலாம்! 1991இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 6க்கு 3 என்கின்ற கணக்கில் இந்தச் சொல் வித்தையை ஒப்புக்கொள்ள மறுத்தது. அதன் பலனாக 1992இல் ரீவியஸ் ஆர்டீக் அம்மாகாணச் சுப்ரீம் கோர்ட்டில் முதல் கறுப்பு ஜட்ஜாய் உட்கார்ந்தார். 1994இல் பெர்னெட் ஜான்சன் அம்மையார் வந்தார். அவருடைய முறை வந்தபோது, முதல் சில வருஷங்களின் சர்வீஸ் கணக்கில் சேராது என்று 2012இல் தகராறு கிளப்பினார்கள்; அதையும் தாண்டி 2013இல் அந்தக் கோர்ட்டின் பிரதம ஜட்ஜு ஆனார். கறுப்பர் வந்தால் தகுதி போய்விடும், திறமை போய்விடும் என்று சொன்னவர்களின் யோக்கியதை இதனால் வெளியாயிற்று. கதவு திறக்கிற வரையில்தான் தகுதி இல்லை என்கின்ற பேச்சு; திறந்துவிட்டால் தகுதி தானே தெரிகிறது.

ஆகவே லூசியானாவிலும் தொகுதி மாறிற்று. பென்சில்வேனியாவிலும் தொகுதி மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். ஒன்று, வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே வருவதற்குக் கேட்ட மாற்றம். மற்றொன்று, உள்ளே இருப்பவன் தன்னைத் தட்டிக் கேட்ட கோர்ட்டைத் தண்டிப்பதற்குச் செய்த மாற்றம். கத்தி ஒன்றுதான். வைத்தியன் கையில் இருப்பதும் கொலைகாரன் கையில் இருப்பதும் ஒன்றாகிவிடுமா?

பணத்தின் ஆட்சி

இன்னொரு சங்கதியையும் மறைக்கக் கூடாது. முறை எதுவானாலும் பணக்காரன் உள்ளே புகுந்துவிடுகிறான். மேற்கு விர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனி மேல் 5 கோடி டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்பு ஆகியிருந்தது. அக்கம்பெனித் தலைவர் 2004 சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு தேர்தலில் 30 லட்சம் டாலர் செலவழித்து ஒருவர் ஜெயிக்க உதவி செய்தார். பிறகு அந்தக் கோர்ட்டிலேயே அபீல் வந்தது. அந்த ஜட்ஜும் உட்கார்ந்து, 3க்கு 2 என்று கம்பெனிக்கு ஜெயம்! இந்த வழக்கிலிருந்து அந்த ஜட்ஜு விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதுவும் 5க்கு 4 என்று ஒரே ஒருவர் வித்தியாசத்தில். 2025இல் விஸ்கான்சின் மாகாணத்தில் ஒரே ஒரு ஜட்ஜு இடத்துக்கு இரு தரப்பும் செலவழித்தது சுமார் 10 கோடி டாலர். நாற்காலிக்கு இவ்வளவு விலை கொடுக்கிறவன் தர்மத்துக்காகக் கொடுக்கிறான் என்று நம்புகிறவன் கல்லுக்கு நெய் ஊற்றினால் கல் குடிக்கும் என்றும் நம்பலாம்.

செய்ய வேண்டியது என்ன?

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது பகுத்தறிவுக்காரர் வேலையல்ல. ஆகவே நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். முதலாவது, அபீல் கோர்ட்டு ஜட்ஜு தேர்தல் முறையை மாற்றினால், அந்த மாற்றம் ஒரு முழுப் பதவிக்காலம் கழித்தே அமுலுக்கு வர வேண்டும். 10 வருஷத்துக்குப் பிறகு எந்தக் கட்சி மெஜாரிட்டி, எவன் வேட்பாளர் என்று யாருக்கும் தெரியாது. தனக்கு லாபமா நஷ்டமா என்று தெரியாதபோதுதான் மனிதன் நியாயமான மரக்கால் செய்வான். இரண்டாவது, தொகுதி வேண்டுமென்றால் அதன் எல்லையைச் சட்டசபையார் போடக் கூடாது. அந்தத் தேர்தலிலும் சட்டசபையிலும் சம்பந்தமில்லாதவர்கள் வெளிப்படையாக, காரணம் எழுதி வைத்துப் போட வேண்டும். மூன்றாவது, கோர்ட்டின் இடங்களைக் கூட்டுவதும் குறைப்பதும் காலி இடம் வருகிற சமயம் பார்த்துச் செய்யக் கூடாது. நாலாவது, ஒரு ஜட்ஜின் தேர்தலுக்குப் பெரும் பணம் கொடுத்தவனுடைய வழக்கில் அந்த ஜட்ஜு உட்காரவே கூடாது. ஐந்தாவது, தலைமுறை தலைமுறையாய் வெளியே நிறுத்தப்பட்ட கூட்டத்துக்குக் கோர்ட்டிலும் இடம் கிடைக்கும்படியான ஏற்பாடு எந்த முறையிலும் இருந்தாக வேண்டும். தன்னுடைய ஆள் ஒருவனும் என்றைக்கும் உட்கார முடியாத கோர்ட்டை நம்பு என்று ஒருவனுக்குச் சொல்லுவது, கோவிலுக்குள் விடாமல் வெளியே நின்று கும்பிடு என்று சொல்லுவதற்குச் சமானமேயாகும்.

தோழர்களே! பழக்கம், பிரதேச நியாயம், தகுதி, சிக்கனம் என்று எவன் எந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் பேரைப் பார்த்து மயங்காதீர்கள். நேற்று உனக்கு இது ஏன் தெரியவில்லை, இன்று ஏன் தெரிந்தது, இதனால் நாளைக்கு லாபம் யாருக்கு என்கின்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். அமெரிக்காவாய் இருந்தாலும் அண்டத்தில் வேறு எந்த நாடாய் இருந்தாலும், இந்த மூன்று கேள்விக்கும் நேரான பதில் சொல்ல முடியாத சீர்திருத்தம் சீர்திருத்தமல்ல. கோர்ட்டுக்கு வாய்ப்பூட்டுப் போடும் தந்திரமே என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.